ஒரு ரன்கூட எடுக்கவில்லை என்றால் எல்லாமே ‘டக்’ ஆகிவிடுமா?

கேள்வி: மே 3, 2025, சனி

மேலூர் பக்கம் ஒரு கிராமத்தில் டென்னிஸ் பந்து டோர்னமெண்ட். எங்கள் அணியில் கடைசி ஆளாக இறங்கிய பையன் ரன் எதுவும் எடுக்கவில்லை, ஆனால் அவுட்டும் ஆகவில்லை. எதிர்முனையில் இருந்தவர் அடித்து ஜெயித்துவிட்டோம். மைக்கில் வர்ணனை செய்தவர் “தம்பி டக் அவுட்டு, முட்டையோட வர்றாரு” என்று சொல்ல, கூட்டமே சிரித்தது. ஜெயித்த அணி ஆள் அவன், வீடு போய்ச் சேரும்வரை வாய் திறக்கவில்லை. ஜீரோ என்றால் டக்தானே என்று நான் நினைத்தேன். எங்கள் கேப்டன் அண்ணன் இல்லவே இல்லை என்கிறார். யார் சொல்வது சரி?

மே 4, ஞாயிறு காலை

கேப்டன் அண்ணன் சொல்வதுதான் சரி. அவுட் ஆனவனுக்குத்தான் டக். அவுட் ஆகாமல் நின்றவன் ஸ்கோர் புத்தகத்தில் ‘0 நாட் அவுட்’. நான் பள்ளிக்கூடத்தில் பி.இ.டி. வாத்தியார், சனி, ஞாயிறுகளில் லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதப் போவேன். இந்த ஒரு விஷயத்துக்காக மரத்தடியில் எத்தனையோ பேரோடு வாதாடியிருக்கிறேன்.

இது வெறும் பேச்சு வித்தியாசம் கிடையாது, கணக்கிலேயே இருக்கிறது. சராசரி போடும்போது மொத்த ரன்னை ஆடிய இன்னிங்ஸால் வகுப்பதில்லை. எத்தனை முறை அவுட் ஆனாரோ அந்த எண்ணால்தான் வகுக்க வேண்டும். அதனால் டக் ஆனால் சராசரி இறங்கும். 0 நாட் அவுட் அதைத் தொடவே தொடாது.

பிராட்மேன் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 52 டெஸ்ட், 80 இன்னிங்ஸ், 6996 ரன், 10 முறை நாட் அவுட். வகுக்க வேண்டியது 70. வருவது 99.94. 1948 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் கடைசி இன்னிங்ஸ் ஆட இறங்கியபோது அவர் 4 ரன் எடுத்திருந்தால் சரியாக 100 வந்திருக்கும். எரிக் ஹோலிஸின் இரண்டாவது பந்திலேயே போல்டு. கூக்ளி. அந்த டக்கைத்தான் உலகமே பேசுகிறது.

இப்போது இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த இன்னிங்ஸில் அவர் ஒரு ரன்னும் எடுக்காமல், ஆனால் அவுட்டும் ஆகாமல் நின்றிருந்தால்? ரன் அதே 6996தான். வகுக்கும் எண் 69 ஆகிவிடும். சராசரி 101.39. எடுத்த ரன் இரண்டு விதத்திலும் பூஜ்யம்தான். அவுட் ஆனால் 99.94, ஆகாவிட்டால் நூறைத் தாண்டிவிடும். இதற்குமேலும் இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் அவர்களிடம் இந்த வகுத்தலைக் கொடுங்கள்.

மே 4, இரவு

‘டக் அவுட்’ என்பது நம் பக்கத்துப் பேச்சு. வெறும் டக் என்றாலே போதும், அவுட் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் நாம் சேர்த்துச் சொல்லியே பழகிவிட்டோம், அதில் தப்பில்லை. சேர்த்துச் சொல்வதால் ஒரு நன்மைகூட உண்டு: “டக் அவுட்டு நாட் அவுட்டு” என்று சொல்லிப் பாருங்கள், நாக்கே நின்றுவிடும்.

இன்னொரு டக்அவுட்டும் இருக்கிறது. டி20 ஆட்டங்களில் மட்டையோடு காத்திருக்கும் ஆட்கள் எல்லைக்கோட்டுப் பக்கம் உட்கார்ந்திருக்கும் இடம். எங்கள் பள்ளி ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: “சார், டக் ஆனவங்களை மட்டும்தான் அங்க உட்கார வைப்பாங்களா?” உச்சரிப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான், சொல் வேறு. மற்ற விளையாட்டுகளில் தரையைத் தோண்டிப் பள்ளமாக அமைத்த இருப்பிடத்திலிருந்து வந்தது அது. டக் என்கிற ஆங்கில வாத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

வாத்து எங்கிருந்து வந்தது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். வாத்து முட்டையிலிருந்துதான். பூஜ்யத்தின் வடிவம். 1866 ஜூலையில் இங்கிலாந்து இளவரசர் ஒருவர், பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னர் ஆனவர், ஓர் ஆட்டத்தில் ரன் எடுக்காமல் அவுட் ஆனபோது வாத்து முட்டையோடு கூடாரத்துக்குத் திரும்பியதாகப் பத்திரிகையில் எழுதினார்கள். பிறகு முட்டை உதிர்ந்து வாத்து மட்டும் நின்றுவிட்டது. நம் ஊரில் வாத்தை விட்டுவிட்டு முட்டையை வைத்துக்கொண்டோம். கணக்குப் பரீட்சையில் முட்டை வாங்கின பையனும், முதல் பந்தில் போல்டு ஆன பையனும் நமக்கு ஒரே கட்சி. இதை இத்தோடு விடுகிறேன்.

மே 5, திங்கள்

திருமங்கலம் தம்பி ஒருவர் எழுதியது: “இன்னிங்ஸோட முதல் பந்துல அவுட் ஆனாத்தான் கோல்டன் டக்.”

இல்லை தம்பி. தான் சந்தித்த முதல் பந்தில் அவுட் ஆனால் கோல்டன் டக். எட்டாவதாக இறங்கினாலும் சரி. இந்த மார்ச் 25ஆம் தேதி அகமதாபாத்தில் மேக்ஸ்வெல்லை நம் சாய் கிஷோர் முதல் பந்திலேயே எல்.பி.டபிள்யூ. ஆக்கினாரே, அது கோல்டன் டக். ஐ.பி.எல்.லில் அது மேக்ஸ்வெல்லுக்கு 19ஆவது டக். அதுவரை 18 டக்கோடு ரோகித்தும் தினேஷ் கார்த்திக்கும் அவரோடு சமமாக இருந்தார்கள். பந்து ஸ்டம்பில் பட்டிருக்காது என்று ரீப்ளேயில் தெரிந்தது. மேக்ஸ்வெல் ரிவ்யூ கேட்கவில்லை. கேட்டிருந்தால் டக் போயிருக்கும்.

இரண்டாவது பந்தென்றால் சில்வர், மூன்றாவது என்றால் வெண்கலம், அதாவது ‘பிரான்ஸ்’ என்றும் சொல்வார்கள். இதெல்லாம் சட்டப் புத்தகத்தில் இல்லை, பேச்சு வழக்குதான். இடத்துக்கு இடம் மாறும். டைமண்ட் டக் மட்டும் நன்றாக நிலைத்துவிட்டது: ஒரு பந்தும் சந்திக்காமலே அவுட். பெரும்பாலும் எதிர்முனையில் நின்று ரன் அவுட் ஆகிறவர்களுக்கு வாய்ப்பது. டென்னிஸ் பந்து ஆட்டத்தில் கடைசி ஓவரில் இது சர்வசாதாரணம், “ஓடு ஓடு” என்று கத்துகிறவன் ஒருவன், அவுட் ஆகிறவன் இன்னொருவன்.

மே 5, பிற்பகல்

டைமண்ட் டக்கில் ஒரு நுணுக்கம் விட்டுப்போனது. பந்து வைடு, ஆள் இறங்கி வந்து ஸ்டம்பிங் ஆகிவிட்டார் என்று வையுங்கள். வைடு, சந்தித்த பந்தாகக் கணக்கில் வராது. ஆகவே 0 ரன், 0 பந்து. அதுவும் டைமண்ட்தான். நோ பால் அப்படியில்லை. அது சந்தித்த பந்தாகக் கணக்கில் ஏறும். 2023 நவம்பர் 6ஆம் தேதி டெல்லியில் வங்கதேசத்துக்கு எதிராக இலங்கையின் ஆஞ்சலோ மேத்யூஸ் ஹெல்மெட் பட்டை அறுந்து நின்றபோது, குறித்த நேரத்துக்குள் ஆடத் தயாராகவில்லை என்று ‘டைம்டு அவுட்’ கொடுத்தார்களே, அதுவும் பந்தே சந்திக்காத டக். சர்வதேச ஆட்டத்தில் அப்படி அவுட் ஆன முதல் ஆள் அவர்தான்.

காயம்பட்டு வெளியேறினால்? ரிட்டையர்டு ஹர்ட், 0 நாட் அவுட். டக் கிடையாது.

மே 6, செவ்வாய்

ஆற்றுக்குள் ஆடுகிற பசங்களிடம் நேற்று மாலை இதே பேச்சு. ஆரப்பாளையம் பக்கம் வைகை மணலில் இரண்டு செங்கல்லை நிறுத்தி ஸ்டம்ப் வைத்திருந்தார்கள். பந்து சீமைக்கருவேலத்துக்குள் போனால் இரண்டு ரன் டிக்ளேர். ஒரு பொடியன் வந்ததும் போல்டு. உடனே மொத்தப் பேரும் “சூர்யவன்ஷி! சூர்யவன்ஷி!” என்று கத்தினார்கள்.

எனக்கு அது பிடித்திருந்தது. ஏப்ரல் 28ஆம் தேதி ஜெய்ப்பூரில் 35 பந்தில் நூறு அடித்த பதினான்கு வயதுப் பையன், மே 1ஆம் தேதி அதே ஜெய்ப்பூரில் மும்பைக்கு எதிராக இரண்டாவது பந்தில் டக். டக் ஆனவனை அந்தப் பெயரால் கூப்பிட்டால் அவனுக்கு அது கேலியாகவே தெரியாது. போல்டு ஆன பொடியனும் சிரித்துக்கொண்டேதான் போனான்.

பசங்களுக்கு நான் சொன்னது இதுதான். டெண்டுல்கரின் முதல் ஒருநாள் ஆட்டம், 1989 டிசம்பர் 18, குஜ்ரன்வாலா: டக். அடுத்த ஆட்டமும் டக். தோனியின் முதல் ஒருநாள் ஆட்டம், 2004 டிசம்பர் 23, சட்டோகிராம்: ரன் அவுட், டக். அட்டப்பட்டு கதை தெரிந்ததும் வாயைப் பிளந்தார்கள். இலங்கைக்கு அவர் ஆடிய முதல் ஆறு டெஸ்ட் இன்னிங்ஸ்: 0, 0, 0, 1, 0, 0. அந்த மனிதர் பிறகு ஆறு இரட்டைச் சதம் அடித்தார். ஒரு பையன் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “அந்த ஒண்ணையும் அடிக்காம இருந்திருந்தா ரெக்கார்டு சார்” என்றான்.

மே 9, வெள்ளி

மேலூர்க்காரரின் கேள்விக்குத் திரும்ப வருகிறேன். எனக்கு இன்னும் ஒன்று தெரிய வேண்டும்: அந்தப் பையன் எத்தனை பந்து ஆடினான்? எதிர்முனையில் சும்மா நின்று 0 நாட் அவுட் ஆவது ஒன்று, பந்தைத் தடுத்து நின்று 0 நாட் அவுட் ஆவது வேறு. ஸ்கோர் புத்தகம் இரண்டையும் பிரித்துக் காட்டும், ஒழுங்காக எழுதியிருந்தால்.

ஒழுங்காக எழுதுவது என்றால், ரன் இல்லாத பந்துக்குப் புள்ளி. பேட்ஸ்மேன் வரிசையிலும் ஒரு புள்ளி, பவுலர் கட்டத்திலும் ஒரு புள்ளி. இரண்டிலும் போட வேண்டும். ஓவர் முழுக்க ஆறு புள்ளி விழுந்தால் அவற்றைக் கோடு இழுத்துச் சேர்த்து ஆங்கில எம் எழுத்து போலாக்குவோம், அதுதான் மெய்டன். அந்த ஓவரில் விக்கெட்டும் விழுந்திருந்தால் எம்மைத் தலைகீழாக்கி டபிள்யூ. பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு, காற்றில் பக்கம் புரளாமல் முழங்காலால் அழுத்திப் பிடித்து, ஆறாவது புள்ளி விழுந்ததும் அந்தக் கோட்டை இழுக்கும்போது வருகிற சந்தோஷம் பவுலருக்கு அடுத்தபடி ஸ்கோரருக்குத்தான்.

நம் சென்னையிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1964 ஜனவரி, கார்ப்பரேஷன் ஸ்டேடியம், இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட். பாபு நட்கர்னி 32 ஓவர் போட்டார், 27 மெய்டன், 5 ரன், விக்கெட் இல்லை. அதில் 21 ஓவர் தொடர்ச்சியாக மெய்டன். தொடர்ந்து 131 பந்துக்கு ரன் இல்லை. அன்றைக்கு ஸ்கோர் எழுதியவரின் பக்கத்தை நினைத்துப் பாருங்கள். புள்ளி, புள்ளி, எம், எம் என்று கட்டம் கட்டமாக. விக்கெட் கட்டத்திலும் பூஜ்யம். ஆனால் அறுபது வருடம் தாண்டியும் அந்தப் பூஜ்யங்களுக்காகத்தான் அவர் பெயரைச் சொல்கிறோம்.

பேட்டிங் பக்கம் இதற்கு ஜோடி 1999இல் ஆக்லாந்தில் நடந்தது. நியூசிலாந்தின் ஜெஃப் அலாட், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 101 நிமிடம் நின்று 77 பந்து ஆடி டக் ஆனார். டக்தான், மறுக்கவில்லை. முதல் பந்தில் அவுட் ஆன டக்கையும் இதையும் ஒரே ‘0’ போட்டு எழுதினால் அது எழுதினதாகவே ஆகாது.

எங்கள் பக்கத்து டோர்னமெண்ட்களில் பந்து எண்ணிக்கை எழுதும் பழக்கமே கிடையாது. ரன் மட்டும், அதற்குப் பக்கத்தில் எப்படி அவுட் என்று. சில இடங்களில் அதுவும் இல்லை. இதை மாற்ற வேண்டும் என்று நான் நெடுநாளாகச் சொல்லி வருகிறேன்.

மே 13, செவ்வாய்

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். தண்ணீர் திறந்துவிட்டதால் மணல் கிரவுண்ட் இன்னும் சில நாளைக்குக் கிடையாது. பசங்க தெருவுக்குள் ஆடி ஜன்னலை உடைப்பார்கள்.

திருவிழாக் கூட்டத்தில் பார்த்த பழைய மாணவன், இப்போது மாடு பிடிப்பவன், ஒன்று சொன்னான். “ஜல்லிக்கட்டுல முட்டைன்னு யாரும் யாரையும் சொல்றதில்ல சார்.” யோசித்துப் பார்த்தால் உண்மைதான். அலங்காநல்லூரிலோ பாலமேட்டிலோ யாரும் பிடிக்க முடியாமல் மாடு போய்விட்டால் மைக்கில் “மாடு வெற்றி” என்று அறிவித்து மாட்டுக்காரரைப் பரிசு வாங்கக் கூப்பிடுகிறார்கள். மாடு பிடிக்காமல் சுற்று முடிந்து வெளியே வருகிற வீரரைப் பற்றிப் பேச்சே இல்லை. மைக் அங்கும் ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்று வர்ணனை செய்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மே 15, வியாழன்

மேலூர்க்காரர் ஸ்கோர் நோட்டைப் படம் எடுத்து அனுப்பினார். நாற்பது பக்க நோட்டு, பால் பாயிண்ட் பேனா. நல்ல வேளையாக எழுதியவர் பவுலர் கட்டத்தில் பந்து பந்தாகப் போட்டிருக்கிறார், பேட்ஸ்மேன் வரிசையில்தான் ரன் மட்டும். அதனால் பின்னோக்கி எண்ண முடிந்தது.

பையன் இறங்கியபோது ஒன்பது விக்கெட் போயிருந்தது. ஏழாவது ஓவரின் மூன்றாம் பந்தில் விக்கெட். நான்கு, ஐந்து, ஆறு மூன்றும் புள்ளி, மூன்றையும் அவன்தான் ஆடினான். எட்டாவது ஓவர், அதாவது கடைசி ஓவர், ஒரு புள்ளி, ஒரு ஆறு, ஒரு சிங்கிள், அதன் பிறகு இரண்டு புள்ளி, ஒரு லெக் பை. லெக் பையில்தான் ஸ்கோர் தாண்டியிருக்கிறது. சிங்கிளுக்குப் பின்னால் ஸ்ட்ரைக் யாரிடம்? பையனிடம். அந்த இரண்டு புள்ளியும் அவனுடையது. அந்த லெக் பையும் அவன் காலில் பட்டது!

“எதிர்முனையில் இருந்தவர் அடித்து ஜெயித்துவிட்டோம்” என்று கேள்வியில் இருக்கிறது. நோட்டுப்படி ஆறு அடித்ததும் சிங்கிள் எடுத்ததும் எதிர்முனைக்காரர், ஆனால் வெற்றி ரன் ஓடியது பையன் ஆடிய பந்தில். லெக் பை எக்ஸ்ட்ராவில் சேரும், பேட்ஸ்மேன் கணக்கில் வராது. அதனால் 0. பந்து கணக்கு போட்டால் 0 நாட் அவுட், 6 பந்து. ஒன்பது விக்கெட் போன பிறகு ஆறு பந்து. அவற்றில் ஒன்றில் ஸ்டம்ப் எகிறியிருந்தாலும் ஆட்டம் முடிந்தது.

இந்த ஆறு பந்தையும் ஆடியவனைத்தான் முட்டையோடு வருகிறான் என்று மைக்கில் சொன்னார்கள். எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை. மேலூர்க்காரரிடம் சொன்னேன்: நோட்டைப் பையனிடம் காட்டுங்கள், புள்ளிகளை அவனே எண்ணட்டும்.

மே 18, ஞாயிறு

“விளையாட்டில் கேலி இல்லாமல் எப்படி? ரொம்ப சீரியஸாக எடுத்துக்கொள்கிறீர்கள் சார்” என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள்.

கேலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆற்றுப் பசங்க கத்தியதை ரசித்தவன்தான் நான். கூட ஆடுகிறவன் மாப்ளே, பங்காளி என்று கூப்பிட்டுக் கேலி செய்வான், அடுத்த ஓவரில் அவனே டக் ஆவான், கணக்கு நேர். மைக் அப்படியில்லை. மைக்கில் சொன்னால் ஊருக்கே கேட்கிறது, பதிலுக்குப் பையன் பேச மைக் கிடையாது. அதிலும் தப்பான தகவலைச் சொல்வது இன்னும் மோசம்.

கேலிக்கும் ஒரு தரம் உண்டு. ஆஸ்திரேலியாவில் சேனல் நைன் கிரிக்கெட் ஒளிபரப்பிய காலத்தில் டக் ஆனவர் கூடவே கண்ணீர் விட்டபடி ஒரு கார்ட்டூன் வாத்து நடந்துபோகும், பார்த்திருப்பீர்கள். யார் டக் ஆனாலும் அதே வாத்துதான், அவுட் ஆகாதவர் பக்கத்தில் அது வந்ததில்லை. அகர்கர் 1999-2000 ஆஸ்திரேலியத் தொடரில் தொடர்ந்து ஐந்து இன்னிங்ஸ் டக் ஆனபோது ‘பாம்பே டக்’ என்று பெயர் வைத்தார்கள். அது மீனின் பெயர், அவர் மும்பைக்காரர், பொருத்தமாக விழுந்துவிட்டது. அதே அகர்கர் 2002இல் லார்ட்ஸ் மைதானத்தில் 109 நாட் அவுட்.

எனக்கு மிகவும் பிடித்தவர் நம் சுழற்பந்து வீச்சாளர் சந்திரசேகர். போலியோவில் சூம்பிய வலது கையால்தான் பந்து போட்டார். டெஸ்டில் மொத்தம் 242 விக்கெட், 167 ரன். எடுத்த ரன்னைவிட விக்கெட் அதிகம்! 23 டக். 1977-78 ஆஸ்திரேலியப் பயணத்தில் அவருடைய டக்குகளுக்காக நடுவில் ஓட்டை போட்ட மட்டையைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதே பயணத்தில் மெல்போர்னில் இரண்டு இன்னிங்ஸிலும் 52 ரன்னுக்கு ஆறு, ஆறு என்று 12 விக்கெட் எடுத்து, ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவுக்கு முதல் டெஸ்ட் வெற்றியைக் கொடுத்தார். டெஸ்டில் அதிக டக் யாருக்கு என்று கேட்டவருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: கோர்ட்னி வால்ஷ், 43. அவர் எடுத்த விக்கெட் 519.

மே 24, சனி

கபடியில் இதற்கு என்ன பெயர் என்று வாடிப்பட்டி பக்கமிருந்து ஒருவர். எம்ப்டி ரைடு. பாடிப் போனவன் யாரையும் தொடவில்லை, போனஸும் எடுக்கவில்லை, பிடிபடவும் இல்லை, திரும்பி வந்தான். இரண்டு அணிக்கும் பாயிண்ட் இல்லை.

இதை டக்கோடு சேர்க்க முடியாது, 0 நாட் அவுட்டோடுதான் சேர்க்க வேண்டும். பிழைத்து வந்தவன் அவன். ஆனாலும் எதிர் அணிப் பக்கத்தில் ரைடர் கடந்தே ஆக வேண்டிய பாக் லைன் என்ற கோட்டைத் தாண்டாமல் திரும்பினால் அவுட். தாண்டிவிட்டுச் சும்மா வரலாம், 30 வினாடி ஓட்டலாம். முன்னிலையில் இருக்கும் அணிக்கு எம்ப்டி ரைடு தங்கம். நேரத்தைத் தின்றுவிடும். இதற்குக் கடிவாளம் போடத்தான் புரோ கபடியில் தொடர்ந்து இரண்டு ரைடு வெறுமையாகப் போனால் மூன்றாவதை ‘டூ ஆர் டை’ என்று வைத்தார்கள். அதில் பாயிண்ட் எடுக்காமல் வந்தால் ரைடர் அவுட்.

எங்கள் பள்ளிப் பெண்கள் அணியில் ஒரு பிள்ளை, எட்டாம் வகுப்பு. எதிர் அணியின் கார்னர் எப்போது கால் வைக்கிறாள் என்று பார்ப்பதற்காகவே இரண்டு முறை வெறும் ரைடு போய்வருவாள். மூன்றாவதில் நேராக அந்தக் காலைத் தட்டிவிட்டு வருவாள். நான் சொல்லிக் கொடுத்ததில்லை, அவளாகவே கண்டுபிடித்தது. ரைடு பட்டியலில் அந்த முதல் இரண்டும் பூஜ்யம்தான்.

ஜூன் 8, ஞாயிறு

பள்ளி திறந்துவிட்டது, அதனால் தாமதம். பூப்பந்து, இறகுப்பந்து எல்லாவற்றிலும் ஏன் ‘லவ்’ என்கிறார்கள் என்று கேட்டவருக்கு.

இரண்டு விளக்கம் உலவுகிறது. பிரெஞ்சில் முட்டைக்கான சொல் திரிந்து லவ் ஆனது என்பது ஒன்று. பணயம் எதுவும் இல்லாமல் ஆட்டத்தின் மேலுள்ள ஆசைக்காக ஆடுவது, கையில் ஒன்றும் இல்லை என்பது இன்னொன்று. அகராதிக்காரர்கள் ஏற்பது இரண்டாவதை. முட்டைக் கதை கேட்க நன்றாக இருப்பதால் பரவிவிட்டது.

நடுவர் “லவ் ஆல், பிளே” என்றதும் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். ஒரு வாரத்தில் சிரிப்பு நின்றுவிடும். பிறகு அந்தச் சொல் காதில் விழுந்தால் ராக்கெட் தானாக மேலே வரும். ‘ஜீரோ ஆல்’ என்று மாற்றச் சொல்லி ஒரு பெற்றோர் என்னிடம் கேட்டார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மாவட்டப் போட்டியில் நடுவர் சொல்லப்போவது லவ் ஆல்தான், பிள்ளைக்கு அது பழகியிருக்க வேண்டும்.

ஜூன் 14, சனி

பங்கஜ் ராயை விட்டுவிட்டோம் என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். நியாயம். 1952 ஜூன், இங்கிலாந்தின் ஹெடிங்லி மைதானம். இந்தியாவின் இரண்டாவது இன்னிங்ஸ். இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ட்ரூமனுக்கு முதல் டெஸ்ட். ஸ்கோர் போர்டில் ரன் பூஜ்யம், விக்கெட் நான்கு. முதலில் விழுந்தவர் பங்கஜ் ராய். அந்தத் தொடரில் ஏழு இன்னிங்ஸில் ஐந்து டக் அவருக்கு. நான்கு வருடம்கூட ஆகவில்லை, 1956 ஜனவரியில் நம் சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கடும் அவரும் முதல் விக்கெட்டுக்கு 413. மன்கட் 231, ராய் 173. 2008 வரை அதை யாரும் தாண்டவில்லை.

நட்கர்னியின் மெய்டன்களும் இதே மைதானத்தில்தான். எட்டு வருட இடைவெளி.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று விம்பிள்டன் பெண்கள் இறுதி ஆட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். ஸ்வியாடெக் 6-0, 6-0. அனிசிமோவாவுக்கு ஒரு கேம்கூட இல்லை, 57 நிமிடத்தில் முடிந்துவிட்டது. விம்பிள்டன் பெண்கள் இறுதியில் இப்படி நடப்பது 1911க்குப் பிறகு இதுதான். 6-0 செட்டுக்கு டென்னிஸில் பேகல் என்று பெயர், நடுவில் ஓட்டை உள்ள வட்ட ரொட்டி. நம் ஊரில் ஆரம்பித்திருந்தால் உளுந்த வடை என்றிருப்போம்.

பிள்ளைகளுக்கு நான் இதைக் காட்டப்போவது ஒரு காரணத்துக்காக. 6-0 என்றால் பாயிண்டே எடுக்கவில்லை என்று அர்த்தமில்லை. கேம் எடுக்கவில்லை, அவ்வளவுதான். கேமுக்குள் பாயிண்ட் எடுத்திருப்பார். ஒரு பாயிண்டும் கொடுக்காமல் ஜெயித்தால் அது கோல்டன் செட், 24 பாயிண்ட் வரிசையாக. 2012 விம்பிள்டனில் எரானிக்கு எதிராக ஷ்வெடோவா அதைச் செய்தார். ஆக டென்னிஸிலும் பூஜ்யத்துக்குள் பல அடுக்கு இருக்கிறது. ஆட்டம் முடிந்து அழுதுகொண்டே மைக்கைப் பிடித்து அம்மாவுக்கு நன்றி சொன்னாரே அனிசிமோவா, அதையும் காட்டுவேன்.

ஜூலை 20, ஞாயிறு

எங்கள் பக்கத்து இரண்டு டோர்னமெண்ட் கமிட்டி, ஸ்கோர் ஷீட்டில் ‘பந்து’ என்று ஒரு கட்டம் சேர்க்க ஒத்துக்கொண்டிருக்கிறது. மூன்றாவது கமிட்டி, எட்டு ஓவர் ஆட்டத்துக்கு எதற்கு இதெல்லாம் என்கிறது. எட்டு ஓவர் என்பதால்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். மொத்தமே 48 பந்து, யார் எத்தனை ஆடினார் என்பது அங்கேதான் அதிகம் பேசும். அடுத்த வாரம் மறுபடி போய்க் கேட்பேன்.

கேட்டிருந்த மிச்சக் கேள்விகளுக்கு. இரண்டு இன்னிங்ஸ் ஆட்டத்தில் இரண்டிலும் டக் ஆனால் ‘பேர்’, இரண்டும் முதல் பந்தென்றால் ‘கிங் பேர்’. கிரஹாம் கூச் 1975இல் தன் முதல் டெஸ்டிலேயே பேர் எடுத்தவர், முடித்தபோது 8900 ரன். ஒரே ஆட்டத்தின் இரு இன்னிங்ஸில் நடந்தால்தான் பேர், இரண்டு வெவ்வேறு ஆட்டத்தில் அடுத்தடுத்து டக் ஆவதற்கு அந்தப் பெயர் இல்லை. சூர்யகுமார் 2023 மார்ச்சில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று ஒருநாள் ஆட்டத்திலும் முதல் பந்தில் அவுட் ஆனார், கடைசி ஆட்டம் நம் சேப்பாக்கத்தில். அது மூன்று கோல்டன் டக், கிங் பேர் கிடையாது. சூப்பர் ஓவரில் டக் ஆனால் வீரரின் மொத்தக் கணக்கில் சேராது. சூப்பர் ஓவர் ரன், விக்கெட் எதுவுமே சேராது. பந்து சந்திக்காமல் நாட் அவுட்டாக நின்றவருக்கு 0 நாட் அவுட், பந்து கட்டத்திலும் 0 எழுதுங்கள், காலியாக விடாதீர்கள். ஆடவே இறங்காதவருக்குத்தான் காலி.